ஃபுளோரைடு ஆய்வும் தருமபுரியின் குடிநீரும்
ஆய்வு முடிவுகளின் பயன் சமூகத்தைச் சென்றடையாததற்கு மக்களின் விழிப்புணர்வுக் குறைவே முதன்மைக் காரணம் என்று ஃபுளோரைடு ஆய்வு குறித்து நீங்கள் வெளியிட்ட நேர்காணலில் அறிவியலாளர் கூறியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நிலத்தடி நீரில் கரைந்துள்ள ஃபுளோரைடு என்னும் வேதிப்பொருள் அளவு மிஞ்சினால் எலும்புகளை முடக்குகிறது என்பது, அன்றைய சென்னை மாகாணத்தில் நடந்த ஆய்வின் வழியாக 1937-லேயே மருத்துவ இதழில் வெளியாகிவிட்டது; அதே பாதிப்புக்கு உள்ளான தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் 2013-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பென்னாகரம் வட்டாரத்தில் பழுப்புக் கறை படிந்த பற்களோடு வளர்ந்த எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றை விட்டால் வேறு நீர் இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரையை நம்பி என் தாயார் நாள்தோறும் காய்ச்சியே கொடுத்தார். கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது, நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை, இது என்னை இன்றும் வருத்துகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடைப் பிரிக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) உருவாக்கித் தந்தது உண்மைதான், ஆனால் நீரின் தன்மைக்கேற்ப அளவறிந்து கலக்க ஆளும், படியும் கசடை அகற்ற இடமும் இல்லாத சிற்றூரில் அது எப்படி நிலைக்கும்? இப்போதும் ஒகேனக்கல் குழாய் நீர் போதாத நாட்களில் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்தே விடுகிறார்கள். அந்தக் கலவையிலுள்ள ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டுகிறதா என்பதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று அடுத்த நேர்காணலில் நிபுணரிடம் கேட்குமாறு வேண்டுகிறேன்.