அந்த இரண்டாவது கட்டுக்குள் இருந்தவர்கள்

போன வாரம் எங்கள் மருத்துவமனைக்கு ஸ்டாஃப் நர்ஸ் இன்டர்வியூ எடுக்க உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் வைத்த பயோடேட்டா அத்தனையும் பி.எஸ்சி. நர்சிங். ஜி.என்.எம்., அதாவது நர்சிங் டிப்ளமோ, முடித்தவர்கள் யாருமே விண்ணப்பிக்கவில்லையா என்று கேட்டேன். "வந்திருக்கு மேடம், அதைத் தனிக் கட்டா வச்சிருக்கோம், இடம் மீந்தா பார்க்கலாம்" என்றார் எச்.ஆர். தம்பி. அவர்மேல் தப்பில்லை, மேலிருந்து சொன்னதைச் செய்கிறார். அந்தக் கட்டை வாங்கிப் புரட்டினேன். டயாலிசிஸ் யூனிட்டில் ஆறு வருஷம் வேலை பார்த்த ஒரு பெண் அதில் இருந்தாள். முதல் கட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் இந்த வருஷம்தான் படிப்பை முடித்தவர்கள்.

நானும் ஜி.என்.எம். படித்து வந்தவள்தான். டிப்ளமோ நர்ஸ்கள் டிகிரி வாங்கப் படிக்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தது ரொம்பப் பின்னாடி, குழந்தை பிறந்ததற்கு அப்புறம், வேலையை விட்டுவிட்டு. அதனால் இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

யார் டிப்ளமோவுக்குப் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். 3 வருஷம், வேறு குரூப் எடுத்தவர்களும் சேரலாம். ஊரில் இருந்த ஒரே அரசுப் பள்ளியில் சயின்ஸ் குரூப் கிடைக்காத பிள்ளை, தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுத்த பிள்ளை, இன்னும் ஒரு வருஷம் ஃபீஸ் கட்ட அப்பாவால் முடியாது என்று தெரிந்த பிள்ளை, இவர்களெல்லாம் போய்ச் சேருகிற படிப்பு அது. பதினேழு வயதில் வீட்டு நிலைமை பார்த்து எடுத்த முடிவை வைத்து முப்பது வயதில் அவளுடைய ஃபைலை ஓரமாக ஒதுக்குகிறோம்.

படிப்பில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு மருந்தியல் ஆழமாகத் தெரியும், ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ள முடியும், டாக்டரிடம் ஏன் இந்த டோஸ் என்று கேட்கிற தைரியம் சீக்கிரம் வருகிறது. அது நோயாளிக்கு நல்லது. ஆனால் ஐந்தாறு வருஷம் ஐ.சி.யு.விலோ டயாலிசிஸிலோ நின்ற ஒருத்திக்கும் நேற்று வந்த ஒருத்திக்கும் நடுவில் படிப்பின் பெயரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பது என்ன கணக்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. நர்சிங் கவுன்சிலில் இரண்டு பேரும் வாங்குவது நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் வேலை பார்ப்பதற்கான அதே ஆர்.என்.ஆர்.எம். பதிவு. அரசாங்கமும் இந்தப் பிரிவினை பார்க்கவில்லை. 2015-இல் தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) 7,243 நர்ஸ் இடங்களுக்குத் தேர்வு வைத்தபோது டிப்ளமோவும் டிகிரியும் ஒரே தேர்வைத்தான் எழுதினார்கள், ஒரே வேலை, மாதம் ஒரே 7,700 ரூபாய் தொகுப்பூதியம் (அந்தச் சம்பளம் எவ்வளவு கொடுமை என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்).

எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வில் ஒரு விதி இருக்கிறது, நார்செட் என்பார்கள். பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம். ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். படிப்பில் இருக்கிற இடைவெளியை அனுபவம் நிரப்பும் என்று நாட்டின் பெரிய மருத்துவமனையே ஒப்புக்கொள்கிறது. அப்புறம் நம் ஊர் 150 படுக்கை மருத்துவமனைக்கு என்ன வந்தது?

என்னோடு படித்த ஒருத்தி, சென்னையில் இரண்டு இடத்தில் "டிப்ளமோதானே" என்று திருப்பி அனுப்பப்பட்டவள், இப்போது இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் இருக்கிறாள். ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அப்புறம் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. எல்லாவற்றையும் தாண்டி பேண்ட் 5 என்ற சம்பள நிலையில் சேர்ந்தாள். அவளோடு சேர்ந்த பி.எஸ்சி. நர்ஸ்களும் அதே பேண்ட் 5. அங்கே அவளை நர்ஸ் வேலையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நாம் பார்க்கவே இல்லை.

டிகிரி நர்ஸ் இருந்தால் இறப்பு குறையும் என்று ஒரு அமெரிக்க ஆய்வைச் சிலர் சொல்வார்கள். உண்மைதான், லிண்டா ஏகன் குழு 2003-இல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை எடுத்துப் பார்த்ததில், பட்டதாரி நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கிற வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே குழு அதே மருத்துவமனைகளை வைத்து அதற்கு முந்தைய வருஷம் இன்னொன்றும் எழுதியது. ஒரு நர்ஸ் பார்க்கிற நோயாளி ஒருவர் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்று. நைட் டியூட்டியில் ஒரு நர்ஸுக்குப் பதினைந்து நோயாளி கொடுக்கிற நிர்வாகம் முதல் ஆய்வை மட்டும் எடுத்துப் பேசக் கூடாது.

டிகிரி கேட்கிறவர்கள் டிகிரிக்குச் சம்பளமாவது கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நான் பார்த்த இடங்களில் இரண்டு பேருக்கும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுதான் வித்தியாசம். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் நாலு வருஷம் படித்து வந்த பிள்ளையிடம் அதைவிடக் குறைவான தொகையைச் சொல்லும்போது எனக்கு வாய் கூசுகிறது.

டிகிரிதான் வேண்டும் என்றால் உள்ளே இருப்பவர்களைப் படிக்க வையுங்கள். போஸ்ட் பேசிக் 2 வருஷம். சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க முடியாவிட்டால் பாதிச் சம்பளமாவது கொடுங்கள், திரும்பி வந்தால் இன்சார்ஜ் பதவிக்கு வழி உண்டு என்று எழுதிக் கொடுங்கள். நான் போகிறேன் என்று சொன்னபோது அன்றைக்கு வேலை பார்த்த இடத்தில் என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். அட்மிஷன் தேதி முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் கையில் வந்தது. அந்த மாதிரி இன்னொரு பிள்ளை அலைவதை நான் பார்க்க விரும்பவில்லை.

அந்த டயாலிசிஸ் பெண்ணை அடுத்த நாளே கூப்பிட்டோம். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்கு பி.பி. சட்டென்று இறங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கால்மாட்டை உயர்த்துவது, மெஷின் உடம்பிலிருந்து நீர் இழுப்பதை நிறுத்துவது, சலைன் கொடுப்பது, டாக்டரைக் கூப்பிடுவது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஆனா அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும் மேடம், கொட்டாவி விட ஆரம்பிப்பாங்க" என்றாள்.

ஒன்றாம் தேதி சேர்கிறாள். மிச்சக் கட்டு என் மேசையில்தான் இருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொருவராக வரச் சொல்லியிருக்கிறேன்.