தண்ணீரின் வெப்பநிலையை அளவிடுங்கள், அளவீடு நடக்கும் அறையின் வெப்பநிலையை அல்ல

கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் கொடுக்கும் டோஸை (கதிர்வீச்சின் அளவை) தண்ணீர்த் தொட்டியில் அளப்பது பற்றிய கட்டுரை, ஃபார்மர் வகை அயனி அறையின் (கதிர்வீச்சை அளக்கும், காற்று நிரம்பிய சிறு குழியுள்ள கருவி) அளவுத்திருத்தக் காரணியை (கருவி காட்டுவதை டோஸாக மாற்றும் எண்) நன்றாக விளக்குகிறது. ஆனால் வெப்பநிலை, அழுத்தத் திருத்தத்தை 'அறை வெப்பநிலையை வைத்துக் கணக்கிடலாம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. நடைமுறையில் சறுக்குவது அங்கேதான்.

அயனி அறையின் குழி வெளிக்காற்றோடு தொடர்புள்ளது. அதனால் வெப்பநிலையும் காற்றழுத்தமும் மாறினால் உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தியும், அதோடு அளவீடும் மாறும். தண்ணீரில் 10 செ.மீ. ஆழத்தில் வைத்த சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் காற்று தண்ணீரின் வெப்பநிலைக்கு வந்துவிடும். 1 டிகிரி பிசகினால் டோஸ் சுமார் 0.34% மாறும். தண்ணீர் 20, சுற்றியுள்ள அறை 24 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 1.4% அங்கேயே போச்சு. தண்ணீரும் சுற்றியுள்ள அறையும் ஒரே வெப்பநிலைக்கு வரத் தொட்டியை முந்தின நாளே நிரப்பி வைப்பது நல்லது.

அழுத்தத்தில் பிசகினால் இன்னும் ஆபத்து. வானிலைச் செயலி காட்டுவது பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் திருத்திய மதிப்பு. சென்னையில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் உண்மை அழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். செயலியோ 101 என்று சொல்லும். அதை நம்பினால் டோஸ் 10% குறைவாகத் தெரியும். இயந்திரம் குறைவாகக் கொடுக்கிறது என்று நினைத்து வெளியீட்டை ஏற்றிவிட்டால், அந்த அதிகப்படி டோஸ் நேராக நோயாளிக்குத்தான் போகும். அளவுத்திருத்தம் செய்த பாரோமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அயனி அறையின் அளவுத்திருத்தச் சான்றிதழில் உள்ள அடிப்படை வெப்பநிலை 20 டிகிரியா 22 டிகிரியா என்பதையும் பாருங்கள். இதைப் பலர் வாசிப்பதே இல்லை.