பழைய பந்தயக் கார்கள் ஓடட்டும்

மொனாக்கோ தெருக்களில் நடக்கும் பழைய பந்தயக் கார் போட்டியில் இரண்டு ஃபெராரிகள் அடிபட்ட காட்சிகளை நண்பர் ஒருவர் பகிர்ந்ததிலிருந்து, பாளையங்கோட்டையில் எங்கள் வட்டத்தில் விவாதம் ஓயவில்லை. 2021இல், பந்தய வீரர் நிக்கி லாடா காலத்து 1974ஆம் ஆண்டு ஃபெராரி 312பி3 வண்டியை முன்னாள் பந்தய வீரர் ஜான் அலேசி முன்னணியில் ஓட்டிவந்தபோது, போட்டி முடியும் தறுவாயில் பின்னால் வந்த லோட்டஸ் கார் இடித்து, வண்டி தடுப்பில் மோதியது. 2022இல் அதே வகை ஃபெராரியைப் பந்தய வீரர் சார்ல்ஸ் லெக்லேர் ஓட்டிக்காட்டியபோது பிரேக் டிஸ்க் உடைந்து, ராஸ்காஸ் வளைவில் வண்டியின் பின்பக்கம் தடுப்பில் இடித்தது. இதற்குப் பிறகும் இவற்றை ஓட்டத்தான் வேண்டுமா, கண்ணாடிக் கூடத்தில் நிறுத்திவிட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஓட்டத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த வண்டியை, எந்த அளவுக்கு என்பதில் மட்டும் எனக்குக் கண்டிப்பு உண்டு.

ஒரு பந்தயக் கார் பிறந்த காலத்தில் எப்படி வாழ்ந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையில் என்ஜினை மாற்றியிருப்பார்கள். நசுங்கிய மூக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு அடித்திருப்பார்கள். விரிசல் விட்ட சட்டத்தை வெல்டு வைத்து ஒட்டியிருப்பார்கள். அடுத்த பருவத்துக்கு வேறு கியர்பாக்ஸ், வேறு சக்கரம், சில சமயம் வேறு நிறம்கூட வந்திருக்கும். இப்படி மாறிமாறி வாழ்ந்த ஒரு வண்டியை, அதன் வாழ்வின் ஏதோ ஒரு நாளில் நிறுத்தி, ‘இதுதான் அசல், இனி இதைத் தொடக் கூடாது’ என்று சொல்வது அந்த வண்டியின் வரலாற்றுக்கே பொருந்தாத மரியாதை. நம் ஊர்த் தேர்களைப் பாருங்கள். பல கோயில்களில் மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துவிட்டது, ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டது. சிற்பங்கள் நிறைந்த அடிப்பகுதியை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள். வடம் பிடிப்பது நிற்கவில்லை, தேர் பழைய தேர் இல்லை என்று யாரும் சொல்வதும் இல்லை.

நிறுத்தி வைத்தால் வண்டி பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் தவறானது. வண்ணாரப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், பல ஆண்டுகளாகக் கொட்டகையில் மூடிக் கிடந்த பழைய ஃபியட் ஒன்றைப் பிரித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் வற்றி, பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போலப் படிந்திருந்தது. பெட்ரோலைப் பீய்ச்சும் ஜெட்டின் துளை கண்ணுக்கே தெரியவில்லை. ஆயில் சீல்கள் விரலால் அழுத்தியதும் உதிர்ந்தன. சிலிண்டர் சுவரில், பிஸ்டன் ரிங் நின்றிருந்த இடத்தில், வட்டமாகத் துரு ஏறியிருந்தது. “ஓடுத வண்டி தேயும், அதைச் சரி பண்ணிரலாம், நிக்கித வண்டி உள்ளுக்குள்ள அரிச்சுப் போகும், அது வெளியே தெரியாதுய்யா” என்றார் அவர். சாதாரணக் குடும்பக் காருக்கே இந்த நிலை என்றால் பந்தயக் காரின் பாடு இன்னும் மோசம். எடையைக் குறைப்பதற்காக அந்தக் காலத்தில் சக்கரங்களையும் கியர்பாக்ஸ் கூடுகளையும் மக்னீசியக் கலவையில் வார்த்தார்கள். ஈரக்காற்றுப் பட்டால் அது பொருக்குத் தட்டி அரித்துவிடும். பழைய பந்தய என்ஜின்கள் பலவற்றில் ஊற்றியது ஆமணக்கெண்ணெய். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாத அருமையான எண்ணெய் அது. ஆனால் ஓட்டாமல் விட்டால் உள்ளே பிசின் போல இறுகி வழிகளை அடைத்துக்கொள்ளும். எண்ணெயை வடித்து, முறையாகக் கழுவி வைப்பதற்கும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் என் கவலையின் மையம். ஒரு வண்டி ஓடாமல் நின்றால் முதலில் அழிவது அதைச் சுற்றியிருந்த தொழில் அறிவு. பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவையை வார்த்து, நீல மை தடவிப் பார்த்து, கையால் சுரண்டிப் பொருத்தும் வேலையை இன்று எத்தனை பேர் செய்வார்கள்? என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் கம்பிச் சுருளைத் திரும்பச் சுற்றுவது, வரிசையாக நிற்கும் கார்புரேட்டர்களை ஒரே சீராக மூச்சுவிடச் செய்வது ஆகியவை, வண்டி ஓட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் வரைதான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். இங்கிலாந்தின் குட்வுட் தளத்தில் 1998 முதல் பழைய கார்களின் பந்தயம் ஆண்டுதோறும் நடப்பதால், அவற்றை நம்பி ஒரு பட்டறைத் தொழிலே உயிரோடு இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குத் துடைக்கும் துணி போதும், மெக்கானிக் தேவைப்பட மாட்டார்.

இனி என் கண்டிப்புக்கு வருகிறேன். மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூபே என்ற கார் உலகத்தில் இரண்டே இரண்டுதான் செய்யப்பட்டது. அதில் ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு, அதாவது நம் பணத்தில் ஆயிரம் கோடிக்கு மேல், விலைபோனது. அத்தகைய வண்டியை முட்டி மோதும் போட்டியில் இறக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்; விலைக்காக அன்று, அதன் தகட்டிலும் சட்டத்திலும் இருக்கும் சுத்தியல் தடங்களைத் திரும்ப உண்டாக்க முடியாது என்பதற்காக. மீட்டமைக்கப்படாமல் அசல் மேனியோடு மிஞ்சியிருக்கும் வண்டிகள் அனைத்துக்கும் இதுவே பொருந்தும். அவை தனியாக, நிதானமாக, ஆண்டுக்கு ஓரிரு முறை ஓடினால் போதும். பலமுறை பிரித்துக் கட்டப்பட்டு, பாதிக்கு மேல் புதுப்பாகங்களோடு இருக்கும் கார்களோ தாராளமாகப் பந்தயத்துக்குப் போகலாம்.

நிதானமாக ஓட்டினாலும் ஆபத்து உண்டு என்பதற்கு லெக்லேரின் விபத்தே சாட்சி. அவர் யாரோடும் போட்டியிட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆகவே, பிரேக், ஸ்டீயரிங் இணைப்புகள், சக்கரம், போல்ட் ஆகிய உயிர்காக்கும் பாகங்களில் அசல் வேண்டும் என்ற பிடிவாதம் கூடவே கூடாது. பழையதைக் கழற்றிப் பெயர் எழுதி அலமாரியில் வையுங்கள். அதே அளவில் புதிதாகச் செய்து, விரிசல் சோதனை முடித்துப் பொருத்துங்கள். ஓட்டுகிறவரின் உயிரும் இதில் இருக்கிறது.

பென்ட்லி நிறுவனம் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வழி. 1929இல் பந்தய வீரர் டிம் பர்கினின் அணிக்காகக் கட்டிய, சூப்பர்சார்ஜர் பொருத்திய ‘புளோயர்’ காரை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அதே அச்சில் 12 புதிய கார்களைக் கட்டுவதாக 2019இல் அறிவித்துச் செய்தும் காட்டினார்கள். மூலத்தைக் கண்போலக் காக்கலாம், நகலைப் பந்தயத்தில் முழு வேகத்தில் விரட்டலாம், அளக்கும் வேலையில் இளைஞர்கள் தொழிலும் கற்கலாம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. கோவையின் கரிவரதன் போன்றவர்கள் இங்கேயே பந்தயக் கார்களைக் கட்டினார்கள். அந்தக் காலத்து வண்டி ஏதேனும் யார் கொட்டகையிலாவது கிடக்குமானால், தயவுசெய்து உடனே மெருகேற்றி வரவேற்பறையில் நிறுத்திவிடாதீர்கள், பேட்டரி மாட்டி முடுக்கியும் பார்க்காதீர்கள். முதலில் எண்ணெயை வடியுங்கள், படம் எடுங்கள், பாகம் பாகமாக அளந்து வரைபடம் போடுங்கள். சட்டத்திலும் அச்சிலும் விரிசல் பார்த்த பிறகு என்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேட்டை ஐடிஐயில் படித்த பிள்ளைகள் இருவரை அந்த வேலையில் கூடவே நிறுத்துங்கள். லேத் வேலைக்கும் பேரிங் வார்ப்புக்கும் திருநெல்வேலியில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். கேட்டால் நானே கூட்டிவருகிறேன்.