பஞ்சு மஞ்சளானால் நெஞ்சு தப்பித்தது என்று அர்த்தமில்லை

அந்த வீடியோவை எனக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் குடித்து முடித்த சிகரெட்டின் பஞ்சை, அதாவது பில்டரை, பிளேடால் கீறி, உள்ளே இருக்கும் மஞ்சளைக் காட்டி, "இவ்வளவு விஷமும் இங்கேயே நின்றுவிட்டது" என்கிறாரே, அதுதான்.

மஞ்சள் கறை பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை. புகை பட்டதும் நிறம் மாறுகிற பில்டர் செய்தால், அது வேலை செய்வதாகப் பார்ப்பவர்கள் நம்புவார்கள் என்று ஆர்.ஜே.ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்க சிகரெட் கம்பெனியின் வேதியியலாளர் கிளாட் டீக் 1953லேயே எழுதிவைத்தார். அப்படி நம்பவைக்கிற வேலையைத்தான் இன்று நாம் கூலி வாங்காமல் செய்கிறோம்.

பில்டர் எதையுமே பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. பஞ்சு மாதிரி இருக்கும் அந்த செல்லுலோஸ் அசிட்டேட் இழைகளில் தார் என்கிற புகைப் பிசினும் நிகோட்டினும் கொஞ்சம் படியும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு படியாது, நேரே உள்ளே போகும். "கரி பில்டர் இருக்கிறதே" என்பீர்கள். சரி, பென்சீன், அக்ரோலின் மாதிரி சில நச்சுகளைக் கரி ஓரளவு பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். கார்பன் மோனாக்சைடு அதற்கும் சிக்காது. "சோதிக்காமலா விற்பார்கள்?" என்றும் கேட்கிறார்கள். 1952லிருந்து 1956 வரை கென்ட் என்ற அமெரிக்க சிகரெட்டின் பில்டருக்குள் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ், புற்றுநோய் வரவைக்கும் கல்நார். பாதுகாப்பு என்று சொல்லித்தான் விற்றார்கள்.

எங்கள் சித்தப்பா பீடியை விட்டு, தார் குறைவு என்று விற்கிற 'லைட்ஸ்' சிகரெட்டுக்கு மாறியபோது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த வகை சிகரெட்டின் பஞ்சைச் சுற்றியுள்ள தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். தார் அளவைப் பார்க்கும் சோதனை மெஷின் நிமிடத்துக்கு ஒரு தடவை 35 மில்லி புகை இழுக்கும். ஓட்டை வழியாகக் காற்று கலந்து, தார் அளவு குறைவாகக் காட்டும். மெஷினுக்கு விரலும் இல்லை, ஏக்கமும் இல்லை. சித்தப்பா இரண்டு விரலால் அந்த ஓட்டைகளை மூடிப் பிடித்து, கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு இழுப்பார். நிகோட்டின் குறைந்தால் உடம்பு சும்மா இருக்குமா?

1950களுக்குப் பிறகு சிகரெட் வடிவமைப்பில் வந்த மாற்றங்களால் புகைப்பவர்களுக்கு அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடியது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொல்கிறது. அந்த ஓட்டைகளும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சித்தப்பாவின் ரிப்போர்ட்டிலும் அதே பெயர்தான் இருந்தது.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அவருக்குச் சளி துடைத்தவன். போதாதா?

சாவு வீட்டில் ஒருவர் என் காதுபடவே "தானாகத் தேடிக்கொண்டது" என்றார். அந்த மனுஷன் தேடியது ஆபத்துக் குறைந்த ஒன்றை. அப்படி ஒன்று இருப்பதாக அவரை நம்பவைத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது இந்த வீடியோவைப் பார்த்து எத்தனை வீட்டில் "பில்டர்தானே, பரவாயில்லை" என்று விடப்போகிறார்களோ.

தயவுசெய்து அதை நீக்குங்கள். மனம் வரவில்லை என்றால், சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணையாவது அதோடு சேர்த்துப் போடுங்கள். விட நினைப்பவர்களுக்கு அந்த அழைப்பு இலவசம்.