ஜெனரல் மெடிசின் போஸ்டிங்: முதலில் மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லுங்கள்

போஸ்டிங்குக்காக, அதாவது வார்டுப் பயிற்சிக்காக, மெடிசின் வார்டுக்கு வரும் மருத்துவ மாணவர்கள் அபூர்வ நோய்களைத் தேடி அலைவதைப் பார்க்கும்போது ஆதங்கமாக இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டிலில் வந்து படுப்பவர்களுக்குப் பெரும்பாலும் சர்க்கரை, பிரஷர், காய்ச்சல், மூச்சு முட்டல், பாம்புக்கடிதான். ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் இவற்றைக் கையாலும் கண்ணாலும் பிடிக்கப் பழக வேண்டிய இடம் இந்தப் போஸ்டிங்.

மாத்திரைப் பையிலிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாகக் காலம் தள்ளும் ஆச்சிகள் நம் ஊர்களில் நிறைய. என்ன மருந்து என்று கேட்டால் "சர்க்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு" என்று முடித்துவிடுவார்கள். அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். "ஆச்சி, பையை இப்படிக் கட்டில்ல கொட்டுங்க" என்று கேளுங்கள். ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு என்ற ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருக்கும். இரண்டையும் விழுங்கிவிட்டு விரதமும் இருந்தால் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும், ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்ளவும் செய்யும். பார்த்தால் பக்கவாதம் மாதிரியே தெரியும். ஆகவே சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் குளுக்கோமீட்டரை எடுங்கள். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்) 100 மி.லி. ஏற்றியதும் எழுந்து பேசுவார். உடனே வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து: இந்த மாத்திரையின் வேகம் டெக்ஸ்ட்ரோஸைத் தாண்டியும் நிற்கும், சர்க்கரை மறுபடி இறங்கும்.

அதே பையில் முட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் இருக்கும். பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இது சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். கிறுகிறுப்பு என்று சொன்னால் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் காரணத்தை முதலில் அந்தப் பையில்தான் தேட வேண்டும்.

காய்ச்சல் ஐந்தாம் நாள், தட்டணு (பிளேட்லெட்) குறைவு என்றதும் டெங்கு என்று எழுதும் பழக்கம் எனக்கு ஒப்புதல் இல்லை. உடம்பு முழுக்கத் தேடுங்கள். இதே மாதிரி வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போல, கறுத்த பொருக்கும் சுற்றிச் சிவப்புமாக இருக்கும். வலிக்காது, நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா அழுந்தும் இடுப்பு ஆகிய இடங்களில் ஒளிந்திருக்கும். ஈரம் தங்கும் மடிப்பில் பொருக்குக் கட்டாமல் வெறும் புண்ணாகவும் இருக்கலாம். பெண்கள் என்றால் திரையை இழுத்து, செவிலியரை உடன் வைத்து, கேட்டுவிட்டுப் பாருங்கள். இதற்கான ஐஜிஎம் ரத்தச் சோதனை முதல் சில நாட்களில் நெகட்டிவாக வரலாம். அதற்காக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 100 மி.கி. இருவேளை தருவதைத் தள்ளிப்போடக் கூடாது. 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் உங்கள் முடிவை மறுபடி யோசியுங்கள்.

பாம்புக்கடிக்கு, விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறதா என்று பார்க்கும் 20 நிமிட ரத்த உறைதல் சோதனையை உங்கள் கையால் செய்யுங்கள். 2 மி.லி. ரத்தம், உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாய். தொடாமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றும். நடுவில் ஆட்டிப் பார்த்தாலும் கெட்டுப்போகும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் சரியாகவே உறையும்; வீக்கமோ பல் தடமோ பெரும்பாலும் இருக்காது, விஷம் நரம்பைத்தான் தாக்கும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தால், ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லி இமை சரிகிறதா என்று கவனியுங்கள்.

கடைசியாகப் பாதம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் ஊர் இது. சர்க்கரைக்காரரின் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை வளையும்வரை பாதத்தில் அழுத்துங்கள். தெரியவில்லை என்றால் கொப்புளம் உடைந்தாலும் அவருக்குத் தெரியாது. போகாதீங்க என்றால் கேட்கமாட்டார், நேர்ந்துகொண்டது. மெத்தென்ற செருப்பு, தையல் உறுத்தாத சாக்ஸ், தங்கும் இடத்தில் தினமும் ராத்திரி கூட வருகிறவர் டார்ச் அடித்து விரல் இடுக்கு வரை பார்ப்பது, இந்த மூன்றையும் அவர் மனைவியிடமும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.