தனியாகப் போனவர் தனியாகவா போனார்?

ஒரு பாட்டுக் குழுவை விட்டு யாராவது விலகினால் ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். "அவன்தான் குழுவையே தூக்கி நிறுத்தினான், இனி பாருங்கள்" என்று ஒரு கட்சி. "குழு இல்லாவிட்டால் அவனை யாருக்குத் தெரியும்?" என்று இன்னொரு கட்சி. பிரிட்டிஷ் பாப் பாடகர் ராபி வில்லியம்ஸ் விஷயத்தில் இரண்டு கட்சியுமே தோற்றது என்பது என் கட்சி.

டேக் தட் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. ஐந்து பேரில் கடைக்குட்டி. பாட்டு எழுதுவது, பெரும்பாலும் முன்னால் நின்று பாடுவது எல்லாம் கேரி பார்லோ. ராபி ஆடுவார், குறும்பு செய்வார், அவ்வப்போது ஒரு பாட்டில் முன்குரல் கிடைக்கும். 1995 ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் ஓயசிஸ் ராக் குழு ஆட்களோடு கூத்தடித்தார், ஜூலையில் குழுவுக்கு வெளியே இருந்தார். அவராகப் போனாரா, போகச் சொன்னார்களா என்பதற்கு ஆளுக்கொரு கதை. அடுத்த பிப்ரவரியில் குழுவே கலைந்தது. அதை அறிவித்த நாள் ராபியின் 22வது பிறந்தநாள்!

அன்று பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நானும் கேரி மேல்தான் கட்டியிருப்பேன். அவர் தனியாகப் பாடி வெளியிட்ட முதல் இரண்டு சிங்கிள்களும் (ஆல்பமாக இல்லாமல் தனிப்பாட்டாக வருபவை) பிரிட்டனில் நம்பர் ஒன், முதல் ஆல்பமும் நம்பர் ஒன். ராபிக்கோ ஒப்பந்தச் சிக்கல், குடி, போதை. அவர் 1996இல் வெளியிட்ட முதல் சிங்கிள்கூட சொந்தப் பாட்டு இல்லை, ஜார்ஜ் மைக்கேலின் ஃப்ரீடம். வாம் என்ற பாப் குழுவிலிருந்து வந்த மைக்கேல் தன் பழைய முகத்தைக் கழற்றிப்போட எழுதிய பாட்டு அது. தன் விடுதலையை அறிவிக்கவே இன்னொருவரிடம் கடன் வாங்கினார் என்று கேலி செய்யலாம்தான். எனக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. அவர் எப்படிப்பட்ட கலைஞர் என்பதை அவரே அன்று சொல்லிவிட்டார்.

1997 செப்டம்பரில் லைஃப் த்ரூ எ லென்ஸ் ஆல்பம் வந்தது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடத்தில் நுழைந்து, கீழே சரிந்தது. கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். டிசம்பரில் அந்த ஆல்பத்திலிருந்து ஏஞ்சல்ஸ் சிங்கிளாக வந்தது. அந்தப் பாட்டு 4ஆம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை, ஆனால் இறங்கவும் மறுத்தது. வெளியாகி 28 வாரம் கழித்து அந்த ஆல்பம் நம்பர் ஒன்.

இங்கேதான் நம் ஆட்கள் "தனித் திறமை" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். ராபியோடு சேர்ந்து அந்தப் பாட்டை எழுதியவர் கை சேம்பர்ஸ் (Guy Chambers). வேர்ல்ட் பார்ட்டி குழுவில் வாசித்துவிட்டு, சொந்தக் குழு தொடங்கித் தோற்று நின்றவர். இன்னொருவரும் உண்டு: ரே ஹெஃபர்னன் என்ற அயர்லாந்துக்காரர். அவருடைய உரிமையைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டதை ராபியே பிறகு சொன்னார். ஆக, "சோலோ" பாட்டுக்குப் பின்னால் மூன்று பேர். மேடையில் மட்டும் ஒருவர்.

அப்புறம் ஐந்து வருடம் ராபி, சேம்பர்ஸ் இருவரும் தொட்டதெல்லாம் ஹிட். 2002இல் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தோடு 8 கோடி பவுண்டு ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. அதே வருடம் இருவரும் பிரிந்தார்கள். 2003இல் நெப்வொர்த் மைதானத்தில் மூன்று இரவு, 3,75,000 பேர். அந்தக் கூட்டம் சேர்ந்து பாடிய பாட்டுகளில் பெரும்பாதி சேம்பர்ஸோடு எழுதியவை. அவர்தான் அங்கே இல்லை.

சேம்பர்ஸ் போன பிறகும் 2005இல் ராபியின் நிகழ்ச்சிகளுக்கு ஒரே நாளில் 16 லட்சம் டிக்கெட் விற்றதே என்று கேட்பீர்கள். சரி, அது என் வாதத்தில் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் எந்தப் பாட்டுக்காக வாங்கினார்கள்? 2006இல் வந்த ரூட்பாக்ஸ் ஆல்பத்துக்காக இல்லை, அது நிச்சயம். விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ராபி இல்லாத டேக் தட் அதே வருடம் திரும்பி வந்து நம்பர் ஒன் அடித்தது.

2010இல் ராபி அவர்களிடமே போய்ச் சேர்ந்தார், ஒரு ஆல்பம், ஒரு சுற்றுப்பயணம், மறுபடி வெளியே. 2013 ஆல்பத்தில் மறுபடி சேம்பர்ஸ். குழுவை விட்டு ஓடியவர் என்று இவரைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, கூட நிற்க ஒரு ஆளைத் தேடிக்கொண்டே இருந்தவராகத்தான் தெரிகிறார். 2010இல் கேரியும் அவரும் சேர்ந்து எழுதிப் பாடிய ஷேம் பாட்டை ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து கீழே சண்டை போடுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.