ஏஐ கற்க விலை உயர்ந்த கணினி கட்டாயமா? வாட்ஸ்அப் தகவல் தவறு

"ஜிபியு கார்டும் கணிதப் பட்டமும் இல்லாதவர்கள் ஆன்லைன் ஏஐ நிரலாக்க வகுப்பில் சேர வேண்டாம், நேரம்தான் வீண்" என்று ஒரு செய்தி குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. ஜிபியு என்பது ஏராளமான கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் கணினிச் சிப். அதுவும் பட்டமும் கட்டாயம் என்பது இரண்டுமே தவறு.

தொடக்கநிலைப் பாடங்கள் பலவற்றில் முதலில் கைக்கு வருவது ஐரிஸ் பூக்களின் தரவு. 1936-ல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் தன் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தியது. 150 பூக்கள், 3 இனங்கள். ஒவ்வொரு பூவுக்கும் புல்லி, அல்லி இதழ்களின் நீளமும் அகலமுமாக 4 அளவுகள். பைத்தான் நிரல்மொழியில் சைகிட்-லேர்ன் நூலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) வைத்துப் பத்துப் பதினைந்து வரி எழுதினால், புதிய பூ எந்த இனம் என்று நிரல் கணித்துச் சொல்லிவிடும். பழைய லேப்டாப்பிலேயே கண்மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும்.

மூளை நரம்பமைப்பின் பாணியில் அமைந்த பெரிய நியூரல் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிக்க ஜிபியு தேவை, அது உண்மைதான். அதற்கும் கூகுளின் ஆன்லைன் நிரலாக்கத் தளமான கோலாப் இருக்கிறது. பிரவுசரிலேயே இலவசமாக ஜிபியு தருகிறது. என்ன, எப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, பயன்பாட்டு வரம்பும் உண்டு.

சரி, கணிதம்? தொடங்கப் பள்ளிக் கணிதம் போதும். நிகழ்தகவு, அணிகள், நுண்கணிதம் எல்லாம் போகப்போகத் தேவைப்படும், அப்போது படித்துக்கொள்ளலாம். ஹார்வர்டின் சிஎஸ்50 ஏஐ பாடம்கூட எதிர்பார்ப்பது பைத்தான் அனுபவத்தைத்தான், பட்டத்தை அல்ல.

சந்தேகம் இருந்தால் அந்தந்தப் பாடத்தின் சொந்தப் பக்கத்தில் முன்தேவைகள் பகுதியைப் பாருங்கள். இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.